சனிக்கிழமை கணக்கில் வராது

நூர்விக்
செப்டம்பர் 14

அன்புத் தம்பி ஹால்வாருக்கு,

அக்கா எழுதுகிறேன். உடைந்த மூக்கு கூடிவிட்டதா? கோணலாகக் கூடியிருந்தாலும் கவலைப்படாதே, அதற்கு முன்னாலும் நீ ஒன்றும் பெரிய அழகன் இல்லை. உள்ளே யாரிடமும் வாயைக் கொடுக்காதே. இங்கே நான் நலமாக இருக்கிறேன்.

இங்கே என்றால் அப்பா வீட்டில். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் மேலே படி. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம், இரத்த அழுத்தம் இறங்க மாட்டேன் என்கிறதாம். நகராட்சி உதவிக்கு அனுப்பிய பெண்ணின் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார். அடுத்து வந்த ஆளின் தலையில் காபியைச் சூடாக ஊற்றினார். அதற்கப்புறம் உதவிக்கு யாரும் வரவில்லை. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

நீ சிறைச் சமையலறையில் வேலை செய்கிறவன், அதனால் ஒரு யோசனை கேட்கிறேன். அவர் வாயில் போடும் ஒவ்வொன்றையும் கைபேசிச் செயலி ஒன்றில் பதிய வேண்டுமாம். முக்கியமாக உப்பு. பதிவதை நர்ஸ் மோனா தன் அலுவலகத்திலிருந்தே பார்ப்பாள், எப்போதாவது நேரில் வந்து அழுத்தம் பார்த்துவிட்டுப் போவாள். எந்தச் செயலி என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றை இறக்கிப் பார்த்தேன். முதலாவது இலவசம். கலோரி மட்டும் சொல்லும், சொன்ன கையோடு மெலிவதற்கு மாத்திரை விற்கும். இரண்டாவதில் தட்டைப் படம் பிடித்தால் போதும், அதுவே கண்டுபிடித்துவிடும். நேற்று பன்றி இரத்த அப்பத்தையும் லிங்கன் என்கிற சிவப்புக் காட்டுப்பழ ஜாமையும் படம் பிடித்தேன். 'சாக்லேட் கேக், செர்ரியுடன். பிறந்தநாளா?' என்று கேட்டது. மூன்றாவது அரசாங்க உணவு அட்டவணையை வைத்து உப்பைக் கிராம் கணக்கில் சொல்கிறது. ஆனால் எல்லாவற்றையும் தராசில் வைத்து நிறுக்க வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். "இன்னொரு தடவ என் தட்டப் படம் புடிச்சேன்னு வையி, அந்தப் போனையே வேக வெச்சு உன்னத் திங்க வெப்பேன்" என்றார். ஆக இரண்டாவது போயிற்று.

போனில் பேசலாம்தான். பேச ஆரம்பித்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
சிக்னே


சிறை
செப்டம்பர் 27

அக்காவுக்கு,

மூக்கு கூடிவிட்டது, இடது பக்கமாகப் பார்க்கிறது. நீ நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் யாரும் நலமாக இருந்ததில்லை, அதனால் நான் நம்பவில்லை.

மூன்றாவதை எடு. கண்ணால் அளந்தால் அளவு கூடிவிடும். கிழவன் விஷயத்தில் கொஞ்சமும் அளவு தவறக் கூடாது, பிறகு உன்னைத்தான் கேட்பார்கள். பதிவின் நகலை ஒவ்வொரு கடிதத்தோடும் வை, நான் பார்த்துச் சொல்கிறேன்.

இங்கே போன வாரம் ஒருவன் கொதிக்கிற ஓட்ஸ் கஞ்சியை இன்னொருவன் கழுத்தில் ஊற்றினான். கஞ்சி தண்ணீர் மாதிரி ஓடிவிடாது, ஒட்டிக்கொள்ளும். அவன் துடைக்கத் துடைக்கத் தோலும் கூட வந்தது. காரணம் ஒரு சிகரெட். எல்லாரும் இங்கே இப்படித்தான், எங்கோ யாரிடமோ வாங்கிய அடியை வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான். நான் உள்ளே வரக் காரணமான அன்று, கடையில் மிட்டாய்ப் பெட்டிகளுக்கு முன்னால் ஒருத்தன் தன் மகளை அறைந்தான். சனிக்கிழமை, பிள்ளையின் கையில் காகிதப் பை. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அவன் முகம் தெரியவில்லை, நம் கிழவன் முகம்தான் தெரிந்தது. மிட்டாய் அள்ளும் இரும்புக் கரண்டியால் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு ஒரு கண் போயிற்று. அந்தப் பிள்ளை அவனைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் அலறியது. உனக்குத் தெரிந்த கதைதான். அந்த வீட்டில் இருந்தால் உன் கையும் ஒருநாள் அப்படி ஓங்கும் என்பதால் மறுபடி எழுதினேன்.

கிழவன் செத்தால்கூட வரமாட்டேன் என்றவள் நீ. ஏன் போனாய்? அவன் உன்மேல் கை வைக்கிறானா? ஆமாம், இல்லை, ஒரே வார்த்தை எழுது.

இங்கே வருகிற போகிற கடிதத்தையெல்லாம் காவலர் ஸ்வான்டே படித்துவிடுவார். நல்ல மனிதர். உன் செர்ரி கேக்கைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

பத்திரமாக இரு.

ஹால்வார்


நூர்விக்
அக்டோபர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் மூக்கின் புதிய திசைக்கு என் வாழ்த்து. காவலர் ஸ்வான்டேக்கும் வணக்கம் சொல்.

நீ சொன்னபடி மூன்றாவதையே எடுத்தேன். காலையில் கஞ்சி, மத்தியானம் உருளைக்கிழங்கும் மீனும், எல்லாம் தராசில் ஏறி இறங்குகின்றன. அப்பாவுக்கு இப்போது அந்த எண்களின்மேல் ஆசை வந்துவிட்டது. கறிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் தொங்குகிற பன்றியைப் பார்த்தே எடை சொல்வாரே, அந்த ஞாபகம் போலிருக்கிறது. "எத்தன கிராம்? சொல்லாத, நான் சொல்றேன்" என்கிறார். சரியாகச் சொன்னால் சிரிக்கிறார். உப்பு அளவு அழகாக இருக்கிறது என்று மோனா பாராட்டினாள்.

கையா? கிழவருக்குக் காபி டப்பா மூடியைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. என் கன்னத்தில் கொஞ்சம் வீக்கம், அது சமையலறை அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டது. மோனாவிடமும் அதைத்தான் சொன்னேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்டுப் பதறக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

நகல் வைத்திருக்கிறேன். குளிருக்குக் காலுறை அனுப்பட்டுமா?

அன்புடன்
சிக்னே


சிறை
நவம்பர் 2

அக்காவுக்கு,

காலுறை வேண்டாம். உண்மை வேண்டும்.

நம் சமையலறை அலமாரிக்குக் கதவே கிடையாது. நான் பள்ளிக்கூடம் போன முதல் வருஷம் அவன் இரண்டையும் பிய்த்தெடுத்து, ஒன்றை அம்மாவின் முதுகில் உடைத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கதவு மாட்டவில்லை. மோனாவுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

நகலையும் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்கு. ஞாயிறும் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் எல்லா வாரமும் வெறுமை. அன்றைக்கு அவன் பட்டினியா கிடக்கிறான்?

நான் நன்றாக இருக்கிறேன். நீ?

ஹால்வார்


நூர்விக்
நவம்பர் 20

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது.

அலமாரிக்குக் கதவு புதிதாக மாட்டியிருக்கிறோம்.

சனிக்கிழமை வெறுமையாக இருப்பதற்கு என்ன காரணம் என்று நீ கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. வாரம் முழுக்கப் பொறுத்திருந்து சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தின்கிற இந்த நாட்டில் பிறந்தவன்தானே நீ? சனிக்கிழமை மிட்டாயை யார் சாப்பாடு என்று எழுதுவார்கள்? மோனாகூடக் கேட்கவில்லை. அவள் கார் முன்னிருக்கையிலேயே சனிக்கிழமை ஒரு பை கிடக்கும். அன்று முழுக்க அவர் வேறொன்றும் தின்பதில்லை. அப்பா கேட்கிறார், நான் கடையில் கரண்டியால் அள்ளி, நிறுத்து, வாங்கி வருகிறேன். முன்பு சின்னப் பை. இப்போது பெரிய பை, அடுத்த வியாழன் வரை வருகிறது. ஆனாலும் அது சனிக்கிழமைப் பை. சனிக்கிழமை கணக்கில் வராது.

அவருக்குக் காலில் நீர் கோத்து வீங்குகிறது. அழுத்தம் முன்னைவிட அதிகம். 'உப்பே இல்ல, அப்புறம் எப்படி ஏறுது?' என்று மோனா மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறாள். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டியிருக்கிறாள்.

நான் நலம். திரும்பத் திரும்பக் கேட்காதே.

சிக்னே


சிறை
டிசம்பர் 6

அக்காவுக்கு,

எங்கள் கூடத்தில் தூரே என்று ஒரு பெரியவர். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சிறைக் கடையில் உப்பு போட்ட அதிமதுர மிட்டாய், அந்தக் கறுப்பு, அதை மூட்டையாக வாங்கித் தின்பார். ஒருநாள் உணவு வரிசையில் தட்டோடு அப்படியே விழுந்தார். சிறை நர்ஸ் எங்களையெல்லாம் நிற்க வைத்துத் திட்டினாள்: "அழுத்தம் இருக்கறவன் அந்தக் கறுப்பத் தொடக் கூடாது. அது அழுத்தத்த ஏத்தும், ஒடம்புல தண்ணியத் தேக்கும். அதுவும் நீர் மாத்திர சாப்புடறவன் தின்னா நெஞ்சே நின்னுபோகும்." எனக்கு இது புதுச் செய்தி. உனக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கடிதத்தை வேறு கண்களும் படிக்கின்றன.

பையில் என்ன நிறம் வாங்குகிறாய்?

அப்போது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பன்னிரண்டு. அழுதவனுக்கு மிட்டாய் கிடையாது என்பது நம் கிழவன் சட்டம். அந்த வாரம் நான் அழுதிருந்தேன். அவன் பையிலிருந்து ஒரே ஒரு கறுப்பைத் திருடினேன். அவன் என் தாடையைப் பிடித்துத் திறந்து பை முழுவதையும் ஒவ்வொன்றாக உள்ளே திணித்தான். "எண்ணுடி" என்று உன்னை நிற்க வைத்தான். பதினேழு வரை எண்ணினாய். நான் வாந்தி எடுத்தேன். அதையும் திணித்தான். அதை எண்ணச் சொன்னபோது உனக்குக் குரல் வரவில்லை, அதற்கு உன் காதில் விழுந்த அறையில் இன்றுவரை உனக்கு அந்தக் காது கேட்காது.

நான் எதையும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், கறுப்பை விடு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போ. இங்கே வந்துவிட்டால் உன் அப்பா எப்படிப்பட்டவன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நீ என்ன செய்தாய் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகக் கழியட்டும். பதில் போடு.

தம்பி


நூர்விக்
ஜனவரி 18

ஹால்வார்,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு இன்று தெம்பில்லை. நீ நலமாக இருந்தால் சரி.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் பன்றித் தொடை வேக வைத்தேன். அதன் சாற்றில் எல்லாரும் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவதுதானே வழக்கம், அவனும் பானைக்குப் பக்கத்தில் ரொட்டியோடு நின்றான். நான் ஒரு கரண்டிச் சாற்றைத் தராசில் வைத்துச் செயலியில் போட்டேன். சிவப்பு காட்டியது. "ரொம்ப உப்பு, ரெண்டு துண்டோட நிறுத்திக்கங்க" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

போனைப் பிடுங்கிப் பானைக்குள் போட்டான். "எடு" என்றான். நான் கரண்டியைத் தேடினேன். "கரண்டி எதுக்கு? பண்டிக நாளு, எல்லாரும் தொட்டுக்கறோம், நீயும் தொட்டுக்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கொதிக்கிற சாற்றுக்குள் அமுக்கினான். காபி டப்பா திறக்கத் தெம்பில்லாதவன். நான் கத்தினேன். கையை வெளியே எடுத்தபோது கையுறை மாதிரி தோல் தொங்கியது. அவன் தன் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டான்.

அவசரப் பிரிவில் பானை கவிழ்ந்துவிட்டது என்று சொன்னேன்.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று கேட்டாய். காப்பாற்ற வரவில்லை. அவன் சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வந்தேன். பார்ப்பதோடு நிறுத்தவில்லை. என்ன நிறம் என்றா கேட்டாய்? கறுப்பு. வேறு நிறம் வாங்கியதே இல்லை. மாத்திரை அட்டையோடு வந்த தாளை அவன் படிக்கவில்லை, நான் படித்தேன். ஸ்வான்டே படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

என்னை நிறுத்தச் சொல்லாதே.

சிக்னே


சிறை
ஜனவரி 27

அக்கா,

உன் கடிதத்தை ஸ்வான்டே கொண்டுவந்து கொடுத்தார். முகம் வெளுத்திருந்தது. நான் படிக்கும்வரை கதவருகே நின்றார். படித்து முடித்ததும் நான் சுவரில் குத்தினேன். விரல் முட்டி இரண்டு உடைந்தன. இப்போது நம் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கை.

முதல் தடவையாக அவனை 'அவன்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை. பயமாக இருக்கிறது.

உன் தம்பியாக நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. இன்று ஒன்று செய்துவிட்டேன். மோனாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். இரண்டு விஷயம் எழுதினேன். ஒன்று, பானை கவிழவில்லை. இரண்டு, சனிக்கிழமைகளில் அவன் அதிமதுரம் தின்கிறான், அதையும் செயலியில் சேர்க்கவும். யார் வாங்குகிறார்கள் என்று எழுதவில்லை.

அவன் உயிர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நீ ஆரம்பித்ததை முடித்தால், நான் வெளியே வருகிற அன்று நீ உள்ளே இருப்பாய். நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான். என்னைத் திட்டு, காறித் துப்பு, ஆனால் அந்த வீட்டிலிருந்து கிளம்பு. மோனா வருவதற்குள் கிளம்பு.

தம்பி


சிறை
பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நலமா? கேள்வியாகத்தான் கேட்கிறேன்.

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பனியில் தபால் தாமதமாகிறது என்கிறார் ஸ்வான்டே. அவருக்குப் பொய் சொல்ல வராது. வீட்டு எண்ணுக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை.

திட்டியாவது எழுது.

ஹால்வார்


நூர்விக்
மார்ச் 9

என் தம்பி ஹால்வாருக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? என் கையில் புதுத்தோல் வந்துவிட்டது, குழந்தையின் தோல் மாதிரி இளஞ்சிவப்பு. முன்பல் இரண்டு இல்லை. மற்றபடி நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை நம்பு.

உன் கடிதமும் மோனாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை. அதனால் நீ சொன்னபடி கிளம்ப நேரமில்லை. மேசையில் கறுப்புப் பை திறந்து கிடந்தது. மோனா என் புதுப் போனை வாங்கி அதில் 'உப்பு அதிமதுர மிட்டாய்' என்று பதிந்தாள். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். போன வாரங்களுக்கும் சேர்த்துப் போட்டாள். திரை முழுக்கச் சிவந்தது. "இத யாரு வாங்கித் தர்றா?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். என் கையில் சுற்றியிருந்த பேண்டேஜையே பார்த்தாள். "வா, கார்ல ஏறு" என்று கூப்பிட்டாள். என் துணிமணியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். எல்லாம் என் முட்டாள்தனம். அவள் காரின் மேல் கிடந்த பனியைத் துடைத்து எஞ்சினைச் சூடாக்க வெளியே போனாள்.

அவனுக்குத்தான் எண்கள் பிடிக்குமே. போனை எடுத்து வாரம் வாரமாகத் தள்ளிப் பார்த்தான். பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அடேயப்பா, என் புள்ளைக்கு என் புத்தி வந்துருக்கே" என்றான். பெருமையாகச் சொன்னான், ஹால்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். பல் உடைந்த வாய்க்குள் மிட்டாயைத் திணித்தான். "எண்ணுடி. அன்னிக்கி எண்ணுனல்ல, எண்ணு." நான் எண்ணவில்லை. அவன் விரலைக் கடித்தேன், எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவன் கையை உதறியபோது தராசு என் கையில் இருந்தது, அடிப்பக்கம் இரும்பு. தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.

அப்போது அவன் முகத்தின் ஒரு பக்கம் சரிந்தது. வாய் கோணியது. வலது கை தொங்கியது. மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, பிறகு சாய்ந்தான். கண் மட்டும் என்மேல்.

அடித்திருந்தால் விழுந்ததில் மண்டை உடைந்தது என்றிருப்பார்கள். அடிக்கக்கூட வேண்டாம், மோனாவை உடனே கூப்பிடாமல் இருந்தாலே போதும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரத்தத்தையும் அதிமதுரத்தையும் சேர்த்துத் துப்பினேன். அவன் மூச்சு குறட்டை மாதிரி வந்தது. இதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் நீ வெளியே வருகிற நாள் ஞாபகம் வந்தது. வாசலில் யாரும் இல்லாமல் நீ கோண மூக்கோடு நிற்கிறாய். 'என் புள்ளைக்கு என் புத்தி' என்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, கேட்காத காதிலும். தராசைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து "மோனா!" என்று கத்தினேன். பரிதாபப்பட்டு அல்ல. அவன் சொன்னது பொய்யாக வேண்டும், அதற்காக.

பிழைத்துக்கொண்டான். பேச்சு வராது, வலது பக்கம் அசையாது. முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். மோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதிமதுரத்தப் பத்தி மொத நாளே நான் கேட்டிருக்கணும். யாருமே கேக்கறதில்ல. உன் பங்க நீயே போலீஸ்ல சொல்லிடு" என்றாள். போய்ச் சொன்னேன். அந்தப் போலீஸ்காரி எழுதிக்கொண்டே வந்து, கேட்டவருக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததை எந்தச் சட்டத்தில் போடுவது என்று சொல்லிப் பேனாவை மூடினாள். என் கையைப் பற்றித்தான் நிறையக் கேட்டாள். என்ன முடிவெடுத்தாலும் கடிதம் வரும் என்றிருக்கிறாள்.

இல்லத்திலும் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஊழியப் பெண் கேட்டுக்கேட்டுப் பதிந்தாள். கடைசியில், "சனிக்கிழம மிட்டாய்? எல்லாருக்கும் குடுப்போம். அப்பாவுக்கு எது இஷ்டம்? ஒத்துக்கறதா பாத்துத் தருவோம்" என்றாள்.

"எங்கப்பாவுக்கு மிட்டாயே புடிக்காதுங்க" என்றேன்.

பதிந்துகொண்டாள். போன சனிக்கிழமை போயிருந்தேன். சுற்றி எல்லாருடைய மடியிலும் சின்னக் கிண்ணம். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "சனிக்கிழமன்னா இப்படித்தான் அழறார், ஏன்னு தெரியல" என்றாள் அந்தப் பெண். அழுதவனுக்கு மிட்டாய் கிடையாது என்ற சட்டம் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இனி அங்கே போக மாட்டேன்.

அந்தச் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

நீ செப்டம்பரில் வெளியே வருகிற நாள் வெள்ளிக்கிழமை, காலண்டரில் பார்த்தேன். நான் சனிக்கிழமைவரை பொறுக்க மாட்டேன். வாசலிலேயே பெரிய பையோடு நிற்பேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் இருக்கும், கறுப்பு ஒன்றுகூட இருக்காது. காருக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் எண்ணாமல் தின்போம்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
சிக்னே